கண் அசைவும் மூளையும்: அடிக்கடி வரும் சந்தேகங்கள்

பார்வையைப் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறோம். தொடக்கத்தில் உள்ளவை எளியவை, போகப் போகச் சிக்கல் கூடும். முன்னால் விளக்கியதைப் பின்னால் மறுபடி விளக்காமல் கேள்வி எண்ணை மட்டும் சொல்லியிருக்கிறோம். நடுநடுவே சில சோதனைகள் வரும். அவற்றைச் செய்து பார்த்துவிட்டு மேலே படிப்பது நல்லது.

1. கண்ணைத் திறந்தாலே எல்லாம் தெரியுதே, அப்புறம் அது எதுக்கு ஓயாம அசையணும்?

எல்லாம் தெரிவதில்லை, தெரிவதாகத் தோன்றுகிறது. இரண்டு கண்ணும் சேர்ந்து பக்கவாட்டில் 180 டிகிரிக்குக் குறையாமல் பார்க்கின்றன. ஆனால் எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் துல்லியம் இருப்பது நடுவே ஓரிரு டிகிரிக்குத்தான். கையை நேராக நீட்டிக் கட்டைவிரலைத் தூக்குங்கள். நகத்தின் அகலம் எவ்வளவோ அவ்வளவுதான் அந்த இடம். விழித்திரையில் ஃபோவியா என்று ஒரு சிறு குழி இருக்கிறது, குறுக்களவு சுமார் 1.5 மில்லிமீட்டர். அதன் நடுப்பகுதியில் கூம்பு செல்கள் நெருக்கியடித்து நிற்கின்றன, கோல் செல்கள் அறவே கிடையாது. துல்லியம் அங்கிருந்து வருகிறது.

இந்த வரியில் ஏதாவது ஒரு சொல்லில் கண்ணை நிறுத்துங்கள். கண்ணை எடுக்காமல் மூன்று வரி கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கப் பாருங்கள், முடியாது. நடுவிலிருந்து 10 டிகிரி விலகினாலே துல்லியம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அந்த நடுப் பத்து டிகிரியைக் கவனிக்கவே முதன்மைப் பார்வைப் புறணியில் (பார்வைச் செய்தி முதலில் வந்து சேரும் மூளை மேற்பரப்பில்) பாதி போய்விடுகிறது. விழித்திரை முழுக்க ஃபோவியாபோல இருந்தால் அதற்கான மூளையை வைக்க மண்டையில் இடம் போதாது. அதனால் சின்னத் துல்லியப் பகுதி ஒன்றை வைத்துக்கொண்டு, அதை வேண்டிய இடத்துக்கெல்லாம் வேகமாகத் திருப்புகிறோம்.

2. கண் அசைவுல எத்தனை வகை இருக்கு?

அமெரிக்க உளவியலாளர் ரேமண்ட் டாட்ஜ் 1903-இல் ஐந்து வகையாகப் பிரித்தார், அந்தப் பட்டியல் இன்றும் பெரிதாக மாறவில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுவது சாக்கேட். நகரும் பொருளை வழுக்கினாற்போலத் தொடர்வது பின்தொடர் அசைவு. தலை ஆடும்போது எதிர்த்திசையில் திரும்பிப் பார்வையை நிறுத்துவது வி.ஓ.ஆர்., அதாவது உட்செவி கொடுக்கும் அனிச்சைச் செயல். பேருந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பவரின் கண்போலக் காட்சி முழுவதும் ஓடும்போது அதோடு ஓடி, வெடுக்கென்று திரும்பி, மறுபடி ஓடுவது ஒப்டோகைனடிக் அசைவு. அருகில் உள்ளதைப் பார்க்க இரு கண்ணும் உள்நோக்கித் திரும்புவதும், தூரத்துக்கு விரிவதும் வெர்ஜன்ஸ்.

ஒவ்வொன்றுக்கும் மூளையில் தனிச் சுற்று உண்டு. ஒன்று கெட்டாலும் மற்றவை வேலை செய்வதற்கு அதுதான் காரணம், நரம்பியல் மருத்துவர் கண்ணை இத்தனை விதமாகச் சோதிப்பதும் அதற்காகத்தான். எல்லாச் சுற்றும் கடைசியில் ஒரே ஆறு தசைகளில் வந்து முடிகின்றன.

3. அந்த ஆறு தசை எவை? நரம்பு எத்தனை?

ஒவ்வொரு கண்ணிலும் நான்கு நேர்த்தசைகள் (மேல், கீழ், உள், வெளி), இரண்டு சாய்தசைகள். வெளி நேர்த்தசைக்கு ஆறாவது மண்டை நரம்பு, மேல் சாய்தசைக்கு நான்காவது, மற்ற நான்கிற்கும் மூன்றாவது. ஆறாவது நரம்பு செயலிழந்தால் அந்தக் கண் வெளிப்பக்கம் போகாது. தூரத்தில் பார்க்கும்போதும் அந்தப் பக்கம் திரும்பும்போதும் இரட்டையாகத் தெரியும். நான்காவது கெட்டால் மாடிப்படி இறங்கும்போதும் படிக்கும்போதும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பிம்பம் வரும். நோயாளி தன்னை அறியாமல் தலையை எதிர்ப்பக்கம் சாய்த்துக்கொள்வார், பழைய புகைப்படங்களைப் பார்த்தாலே சில சமயம் எவ்வளவு நாளாக இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

4. சாக்கேட் எவ்வளவு வேகமா போகும்?

உடலில் இதைவிட வேகமான அசைவுகள் மிகச் சில. விழித்திருக்கும்போது விநாடிக்குச் சுமார் மூன்று, ஆக நாளுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். ஆகும் நேரத்தைக் கணக்கிட எளிய வாய்பாடு உண்டு: டிகிரிக்கு 2.2 மில்லிவிநாடி, அதோடு 21. பத்து டிகிரி தாவ 43 மில்லிவிநாடி, இருபது டிகிரிக்கு 65. உச்ச வேகம் தாவும் தூரத்தோடு கூடிக்கொண்டே போய், விநாடிக்கு 500 டிகிரிக்கு மேல் எங்கோ தேங்கிவிடும். தூரம், நேரம், வேகம் மூன்றுக்கும் உள்ள இந்த மாறாத உறவுக்கு 1975-இல் பஹில், கிளார்க், ஸ்டார்க் ஆகியோர் ‘மெயின் சீக்வன்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள்.

மெதுவான சாக்கேட்டை வேண்டுமென்றே செய்ய யாராலும் முடியாது. இது மருத்துவத்துக்கு மிக வசதியான விஷயம். நடையை ஒருவர் மெதுவாக்கிக் காட்டலாம், சாக்கேட்டை முடியாது. அது மெதுவாக இருந்தால் எங்கோ கோளாறு, அல்லது மருந்தோ தூக்கக் கலக்கமோ காரணம்.

5. கண்ணாடியில என் கண்ணையே மாறி மாறிப் பார்த்தேன், அசையறதே தெரியலை. ஏன்?

வலது கண்ணிலிருந்து இடது கண்ணுக்குப் பார்வையை மாற்றினால் எதிரே நிற்பவருக்கு அசைவு பளிச்சென்று தெரியும், உங்களுக்குத் தெரியாது. சாக்கேட் நடக்கும் அந்தச் சில பத்து மில்லிவிநாடிகளில் மூளை அசைவு உணர்வை அடக்கிவைக்கிறது. போதாததற்கு, தாவலுக்கு முன்னும் பின்னும் வருகிற தெளிவான பிம்பங்கள் இடையில் வந்த கலங்கலை மறைத்துவிடுகின்றன. கைபேசியின் முன்பக்கக் கேமராவில் பார்த்தால் சில சமயம் அசைவு தெரியும். திரையில் படம் சற்றுத் தாமதமாக வருவதால், உங்கள் கண் நின்ற பிறகுதான் அது அசைந்த காட்சி வந்து சேர்கிறது.

இந்த அடக்கம் முழு இருட்டடிப்பு அல்ல. ஓடும் ரயிலிலிருந்து பக்கத்துத் தண்டவாளத்தைப் பாருங்கள். ஸ்லீப்பர் கட்டைகளும் கற்களும் கலங்கிய பட்டையாக ஓடும். வண்டி போகும் திசைக்கு எதிராக, கட்டைகள் ஓடும் பக்கமாகவே கண்ணைத் தாவவிட்டால், ஒரு கணம் ஒரு கட்டை மட்டும் நின்றதுபோலத் துல்லியமாகத் தெரிந்து மறையும். கண்ணின் வேகமும் கட்டைகளின் வேகமும் அப்போது பொருந்திவிட்டன. தாவலின் நடுவிலும் கண் பார்க்கிறது என்பதற்கு இதைவிட மலிவான ஆதாரம் கிடையாது.

6. கடிகாரத்தைத் திடீர்னு பார்த்தா முதல் விநாடி மட்டும் நீளமா தெரியுது. பிரமையா?

பிரமைதான், ஆனால் எல்லாருக்கும் வரும் பிரமை. தாவலுக்கு ஆன நேரத்தை மூளை வெற்றாக விடாமல், தாவி இறங்கிய இடத்தில் கண்டதை முன்தேதியிட்டு நிரப்புகிறது. அதனால் விநாடி முள் ஒரு கணம் நின்றுவிட்டதுபோல இருக்கும். 2001-இல் இதை அளந்து காட்டினார்கள், தாவல் நீளமாக நீளமாக அந்த முதல் விநாடியும் நீள்கிறது.

7. எங்க பார்க்கணும்னு மூளையில எந்த இடம் முடிவு பண்ணுது?

ஒரே இடம் அல்ல. முக்கியமான மூன்றைச் சொல்லலாம்: நடுமூளையின் கூரையில் உள்ள சுப்பீரியர் கொலிக்குலஸ், முன்மடலில் உள்ள கண் பகுதி (ஃப்ரன்டல் ஐ ஃபீல்ட்), பக்கமடலில் உள்ள எல்.ஐ.பி. பகுதி. 1870-களிலேயே டேவிட் ஃபெரியர் குரங்கின் முன்மடலில் மின்சாரம் கொடுத்துக் கண்கள் எதிர்ப்பக்கம் திரும்புவதைக் கண்டார். ஒரு பக்க மூளை எதிர்ப்பக்க வெளியைக் கவனிக்கிறது என்பது இங்கும் பொருந்தும்.

கொலிக்குலஸில் உள்ளது ஒரு வரைபடம். மேலடுக்கில் விழித்திரையின் படம், அதற்குக் கீழே தாவலின் படம், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி நிற்கின்றன. ஒரு புள்ளியைத் தூண்டினால் கண் எங்கே இருந்தாலும் ஏறக்குறைய அதே தூரம், அதே திசையில் தாவும். டேவிட் ராபின்சன் 1972-இல் குரங்கில் இந்தப் படத்தை முழுவதுமாக வரைந்தார். எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதைவிட, இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு, எந்தப் பக்கம் என்பதே அங்கே எழுதியிருக்கிறது. சிறு தாவல்களுக்கு நிறைய இடமும் பெரிய தாவல்களுக்குக் குறைந்த இடமும் ஒதுக்கப்பட்டிருப்பது கேள்வி 1-இல் பார்த்த அதே கணக்கு.

ஒரு தாவலுக்கு ஒரு நரம்பணு என்று இல்லை, பெரும் கூட்டமே சேர்ந்து வாக்களிக்கிறது. 1988-இல் லீ, ரோரர், ஸ்பார்க்ஸ் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதியை மருந்தால் மரக்கச் செய்தபோது தாவல் நிற்கவில்லை, மரத்த பகுதியிலிருந்து விலகிய திசையில் தவறி விழுந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொருள் ஒரே சமயம் தோன்றினால் கண் சில சமயம் இரண்டுக்கும் நடுவில் வெற்றிடத்தில் போய் நிற்பதும் இதனால்தான். கொலிக்குலஸ் மட்டும் அழிந்தாலும், முன்மடல் கண் பகுதி மட்டும் அழிந்தாலும் தாவல்கள் பெரும்பாலும் மீண்டுவிடும். இரண்டும் போனால் குரங்கின் கண் ஏறத்தாழ உறைந்துவிடும் என்று பீட்டர் ஷில்லர் குழு 1980-இல் காட்டியது.

8. கண்ணுல படுற எல்லாத்துக்கும் ஏன் தாவுறதில்ல?

இரண்டு பூட்டு இருக்கிறது. முதல் பூட்டு பேசல் கேங்லியா என்ற, மூளையின் ஆழத்தில் உள்ள நரம்பணுத் தொகுதியில். சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதியின் நரம்பணுக்கள் காபா என்ற வேதிப்பொருளால் கொலிக்குலஸை ஓயாமல் அடக்கிவைத்திருக்கின்றன. தாவவேண்டிய இடம் எதுவோ அங்கே மட்டும் அந்த அடக்கத்தை ஒரு கணம் நிறுத்துகின்றன. ஹிகோசாகாவும் உர்ட்ஸும் 1983-இல் இதைக் கண்டார்கள். பார்க்கின்சன் நோயில் இந்தப் பூட்டு சரியாகத் திறப்பதில்லை. நினைவிலிருந்து ஓரிடத்தைப் பார்க்கச் சொன்னால் நோயாளியின் கண் குறையாகத் தாவி, அடுத்தடுத்த சிறு தாவல்களால் போய்ச் சேரும்.

இரண்டாவது பூட்டு மூளைத்தண்டின் நடுக்கோட்டில். ஆம்னிபாஸ் நரம்பணுக்கள் என்று பெயர். கண் அசையாமல் நின்றிருக்கும்வரை இவை விடாமல் சுட்டுக்கொண்டிருக்கும் (மின்துடிப்பு அனுப்பிக்கொண்டிருக்கும்), எந்தத் திசைத் தாவலாக இருந்தாலும் அது முடியும்வரை மௌனமாகும். இந்த அமைப்பின் கட்டுப்பாடு குலைந்தால் இடைவெளியே இல்லாமல் தாவல்மேல் தாவலாகக் கண் துள்ளும் ஒப்சோக்ளோனஸ் என்ற நிலை வரலாம். குழந்தையிடம் அதைக் கண்டால் நியூரோபிளாஸ்டோமா கட்டி இருக்கிறதா என்று தேடுவார்கள்.

9. ஒளி தெரிஞ்சதும் கண் தாவ 200 மில்லிவிநாடி ஆகுதாமே. நரம்பு அவ்வளவு மெதுவா?

நரம்பு மெதுவல்ல. விழித்திரையிலிருந்து கொலிக்குலஸுக்குச் செய்தி வர ஏறக்குறைய 50 மில்லிவிநாடி, அங்கிருந்து தசைக்குப் போக ஏறக்குறைய 20. மீதி நேரம் முடிவெடுக்கப் போகிறது. ஆதாரம் சேரச் சேர நரம்பணுக்களின் துடிப்பு வேகம் ஏறி, ஒரு வரம்பைத் தொட்டதும் தாவல் புறப்படுகிறது. ஏற்றம் ஒவ்வொரு முறையும் சற்று மாறுவதால் ஒரே ஆளுக்கு ஒரே ஒளிக்கு ஒருமுறை 160, இன்னொருமுறை 260 என்று நேரம் மாறிக்கொண்டே இருக்கும். கேம்பிரிட்ஜின் ரோஜர் கார்ப்பென்டர் இதை எளிய கணித மாதிரியாகத் தந்தார்.

பார்த்துக்கொண்டிருந்த புள்ளியைச் சற்று முன்பே அணைத்துவிட்டு அடுத்ததைக் காட்டினால் தாவல் சீக்கிரம் வரும், 100 மில்லிவிநாடி அளவில் ‘எக்ஸ்பிரஸ்’ சாக்கேட்டும் வரலாம். பிடித்து வைத்திருந்ததை விடும் வேலை மிச்சமாகிறது. வேகம் வேண்டும் என்றால் தாமதத்தைக் குறை என்று நினைப்போம். ஆனால் இந்தத் தாமதம்தான் கண்ணைக் கண்டதற்கெல்லாம் அலையவிடாமல் காக்கிறது.

10. முடிவு எடுத்தாச்சு. அதுக்கப்புறம் தசைக்கு என்ன உத்தரவு போகுது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கண்ணின் எடை சுமார் 7 கிராம்தான், தடையாக இருப்பது எடை அல்ல. அதைச் சுற்றியுள்ள கொழுப்பும் சவ்வும் தசைகளும் கெட்டியான தேனைப்போல அசைவை எதிர்க்கின்றன, மீள்விசையால் கண்ணை நடுவுக்கு இழுக்கவும் செய்கின்றன. அதனால் உத்தரவில் இரண்டு பகுதி வேண்டும். முதலில் பிசுபிசுப்பை முறிக்க ஒரு பலமான உதை. போய்ச் சேர்ந்ததும் இழுவிசையை எதிர்த்து அங்கேயே வைத்திருக்க ஒரு நிலையான பிடி. ராபின்சன் இவற்றைப் பல்ஸ், ஸ்டெப் என்றார்.

உதையைக் கொடுப்பவை பர்ஸ்ட் நரம்பணுக்கள். பக்கவாட்டுத் தாவலுக்கு இவை மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில், மேல்கீழ்த் தாவலுக்கு நடுமூளையில். குரங்கில் இவை விநாடிக்கு 1000 துடிப்புவரை எட்டுவதை அளந்திருக்கிறார்கள். பிடி தனியாக வருவதில்லை, மூளை உதையிலிருந்தே அதைக் கணக்கிடுகிறது. உதை என்பது வேகம், அதைக் காலத்தோடு கூட்டினால் இடம், கணிதத்தில் வரும் தொகையீடு இதுதான். பக்கவாட்டுக்கு இந்தக் கூட்டலைச் செய்வது மூளைத்தண்டின் ப்ரிபோசிட்டஸ் என்ற கருவும் (கரு என்பது நரம்பணுத் திரள்) பக்கத்தில் உள்ள வெஸ்டிபுலர் கருவும், மேல்கீழுக்கு கஹால் கரு. நல்ல நிலையில் இது 20 விநாடிக்கு மேல் கசியாமல் பிடித்துவைக்கும், சிறுமூளையின் ஃப்ளோக்குலஸ் அதற்கு உதவுகிறது.

எது கெட்டால் என்ன தெரியும் என்பது இதிலிருந்தே வந்துவிடும். உதை பலவீனமானால் தாவல் மெதுவாகும். உதையும் பிடியும் பொருந்தாவிட்டால் தாவி இறங்கிய கண் கொஞ்சம் வழுக்கும். பிடி கசிந்தால் கண் நடுவை நோக்கி நழுவி, வெடுக்கென்று திரும்பி, மறுபடி நழுவும், அதுவே பார்வைத்திசை நிஸ்டாக்மஸ். மேல்கீழ் உதை மட்டும் மங்கி அடிக்கடி பின்னால் சாய்ந்து விழுபவருக்கு 1964-இல் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி விவரித்த, மூளை நரம்பணுக்கள் மெல்ல அழியும் பி.எஸ்.பி. நோயை நினைக்கவேண்டும். மும்பையில் வாடியாவும் சுவாமியும் 1971-இல் ஒன்பது குடும்பங்களில், மிக மெதுவான சாக்கேட்டோடு சேர்ந்த பரம்பரைச் சிறுமூளைத் தேய்வை விவரித்தார்கள். பின்னாளில் எஸ்.சி.ஏ. 2 என்று பெயர் பெற்ற நோயின் முக்கிய அடையாளமாக இன்றும் அது நிற்கிறது.

11. குடிச்சிருக்காங்களானு பார்க்க வெளிநாட்டுல போலீஸ் பேனாவை ஆட்டிக் காட்டுறாங்களே, அது இதுதானா?

அதேதான். மது சிறுமூளையையும் கேள்வி 10-இல் சொன்ன பிடியையும் தளர்த்துகிறது. கண்ணை ஓரத்துக்குக் கொண்டுபோனால் நிற்க முடியாமல் துடிக்கும், பின்தொடர் அசைவும் விட்டுவிட்டு வரும். அமெரிக்கக் காவல்துறைச் சோதனையில், கண் 45 டிகிரியை எட்டும் முன்பே துடிப்பு தொடங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டோயின், தூக்க மருந்துகள், சிறுமூளை நோய்கள் எல்லாம் இதே துடிப்பைத் தரும். ஒன்றுமே இல்லாதவருக்கும் கடைக்கோடி ஓரத்தில் நாலைந்து துடிப்பு வந்து நிற்கும். அதனால் மருத்துவர்கள் 30 டிகிரி அளவில் நிறுத்தி, துடிப்பு நீடிக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

12. தலையை ஆட்டிக்கிட்டே படிக்க முடியுது, புத்தகத்தை ஆட்டினா முடியலை. ரெண்டும் ஒண்ணுதானே?

விழித்திரைக்கு ஒன்றுதான், மூளைக்கு வேறு. தலை ஆடினால் உட்செவியின் அரைவட்டக் குழாய்கள் அதை உணர்ந்து, வெறும் மூன்று நரம்பணு நீளமுள்ள பாதையில், ஏறக்குறைய 10 மில்லிவிநாடியில் கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். இது வி.ஓ.ஆர். புத்தகம் ஆடினால் பார்வை வழியாகப் பின்தொடரவேண்டும், அதற்கு 100 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். விநாடிக்கு இரண்டு மூன்று முறை ஆட்டினால் பின்தொடர் அசைவு தோற்றுவிடும்.

ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் இரண்டு உட்செவியையும் பாதித்தால், நடக்கும்போது கடைப்பலகைகளும் முகங்களும் குதிக்கும். புதுக் கண்ணாடி போட்ட முதல் சில நாள் தலை சுற்றுவதற்கு ஒரு காரணமும் இங்கே இருக்கிறது. லென்ஸ் பிம்பத்தைப் பெரிதாகவோ சிறிதாகவோ ஆக்குவதால் தலைத் திருப்பத்துக்கும் கண் திருப்பத்துக்கும் உள்ள விகிதம் மாறுகிறது, சிறுமூளை அதைத் திருத்திக்கொள்ளச் சில நாள் வேண்டும். கழற்றிக் கழற்றி மாட்டினால் திருத்தம் தாமதமாகும்.

13. எதையும் பார்க்காம கண்ணை மெதுவா, வழுக்கினாப்பல நகர்த்த முடியுமா?

பெரும்பாலானோருக்கு முடியாது. வெறும் சுவரில் இடமிருந்து வலம் மெதுவாகக் கண்ணை ஓட்டுங்கள், எதிரே இருப்பவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். வெட்டி வெட்டித் தாவுகிறது என்பார். இப்போது உங்கள் கட்டைவிரலை நகர்த்தி அதைப் பாருங்கள், வழுக்கும். பின்தொடர் அசைவுக்கு வேகச் செய்தி வேண்டும். எம்.டி., எம்.எஸ்.டி. என்ற பார்வைப் பகுதிகள் பொருளின் வேகத்தை அளந்து சிறுமூளை வழியாக அனுப்புகின்றன. விநாடிக்கு 30 டிகிரிவரை இது வசதியாக ஓடும், அதற்குமேல் பின்தங்கி, பிடிக்க இடையிடையே சாக்கேட் போடும்.

14. நல்ல பேட்ஸ்மேன் பந்தைக் கடைசி வரைக்கும் கண்ணெடுக்காம பார்க்கணும்னு கோச் சொல்றாரே?

கோச் சொல்வதைக் கண்ணால் முழுதாகச் செய்ய முடியாது. 140 கிலோமீட்டர் வேகப் பந்து கையை விட்டு மட்டைக்கு வர அரை விநாடிக்கும் குறைவு. அருகில் வரும்போது அதன் கோண வேகம் கேள்வி 13-இல் சொன்ன வரம்பையெல்லாம் தாண்டிவிடும். மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் 2000-ஆம் ஆண்டில், எந்திரம் வீசிய பந்துகளை ஆடும் மூன்று பேட்ஸ்மேன்களின் கண்ணைப் பதிவு செய்தார்கள். பந்து புறப்படும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார்கள். பிறகு பந்தை விட்டுவிட்டு, அது எங்கே குத்தும் என்று கணித்த இடத்துக்கு முன்னதாகவே தாவி அங்கே காத்திருக்கிறார்கள். குத்திய பிறகு கொஞ்சம் தொடர்கிறார்கள். மூவருமே தாவினார்கள், திறமையானவர் சீக்கிரம் தாவினார். வித்தியாசம் கண்ணின் வேகத்தில் இல்லை, கணிப்பில்.

2013-இல் டேவிட் மான் குழு உயர்மட்ட வீரர்களிடம் இன்னொன்றைக் கண்டது. அவர்கள் தலையைப் பந்தோடு சேர்த்துத் திருப்புகிறார்கள், மட்டையில் படும் இடத்துக்கும் முன்கூட்டித் தாவுகிறார்கள். ஆக, ‘தலையைப் பந்தோடு கொண்டுபோ’ என்பது நல்ல அறிவுரை, ‘கண்ணெடுக்காதே’ என்பது நடக்காத அறிவுரை.

15. கண் இப்படித் தாவுதுன்னா உலகம் ஏன் குதிக்கல?

ஒரு கண்ணை மூடி, திறந்த கண்ணின் வெளி ஓரத்தில் இமைமேல் விரலால் மிக மெல்ல அழுத்துங்கள் (கண் அறுவை செய்தவர்கள் வேண்டாம்). உலகம் நகரும். அதே தூரம் கண்ணைத் தானாகத் திருப்பினால் நகராது. வித்தியாசம், இரண்டாவதில் உத்தரவு மூளையிலிருந்து போயிருக்கிறது. தசைக்குப் போகும் உத்தரவின் நகல் ஒன்று பார்வைப் பகுதிகளுக்கும் போகிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஊகித்ததை, 1950-இல் ஃபான் ஹோல்ஸ்டும் மிட்டெல்ஷ்டெட்டும் தெளிவாக்கினார்கள். அந்த நகல் செல்லும் ஒரு பாதையை, கொலிக்குலஸிலிருந்து தலாமஸ் வழியாக முன்மடல் கண் பகுதிவரை, சோமரும் உர்ட்ஸும் 2002-இல் காட்டினார்கள். அந்தப் பாதையை மரக்கச் செய்தபோது முதல் தாவல் சரியாக வந்தது. அதைக் கணக்கில் எடுத்துச் செய்யவேண்டிய இரண்டாம் தாவல் பிசகியது.

எல்.ஐ.பி. நரம்பணுக்களில் சில, கண் தாவும் முன்பே, தாவிய பிறகு தங்கள் பங்குக்கு வரப்போகும் இடத்துக்குப் பதில் தரத் தொடங்குகின்றன. டுஹாமெல், கோல்பி, கோல்ட்பெர்க் 1992-இல் கண்டது இது. ஆனாலும் கணக்கு முழுத் துல்லியமல்ல. தாவலின் நடுவே பொருளைச் சற்று நகர்த்திவிட்டால், தாவல் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. உலகம் நின்றிருக்கும் என்று மூளை நம்பிவிடுகிறது.

16. ஒரே புள்ளியை வெறிச்சா கண் நிக்குமா?

நிற்காது. மெல்ல நழுவும், நுண்ணியதாக நடுங்கும், விநாடிக்கு ஓரிரு முறை ஒரு டிகிரிக்கும் குறைந்த நுண்சாக்கேட் போடும். அவற்றையும் தூண்டுவது அதே கொலிக்குலஸ்தான். 1950-களில் பிம்பம் கண்ணோடு சேர்ந்தே நகரும்படி கருவி செய்து பார்த்தார்கள், சில விநாடியில் காட்சியே மங்கி மறைந்தது. அசைவே இல்லாவிட்டால் பார்வையும் இல்லை.

17. ஒரு படத்துல எங்க பார்ப்போம்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா?

பளிச்சென்ற நிறம், முகம், எழுத்து ஆகியவை இழுக்கும் என்பது சரி. ஆனால் வேலைதான் முதல் எஜமான். ரஷ்யாவின் ஆல்ஃப்ரட் யார்பஸ், விழியில் ஒட்டும் சிறு உறிஞ்சு மூடியில் கண்ணாடித் துண்டு பொருத்தி, கண் அசைவைப் பதிந்தபடி, ரஷ்ய ஓவியர் ரெப்பினின் ஓவியம் ஒன்றை ஒருவரிடம் காட்டினார். படத்தில் உள்ளவர்களின் வயதென்ன என்று கேட்டால் கண் முகங்களிலேயே சுற்றியது. குடும்பத்தின் வசதி என்ன என்று கேட்டால் உடைக்கும் அறைச் சாமான்களுக்கும் போனது. அதே ஆள், அதே படம். தேநீர் போடும்போது கண்ணைப் பதிவு செய்த மைக்கேல் லேண்ட் இன்னும் தெளிவாகச் சொன்னார்: கை போகுமுன் சுமார் அரை விநாடி முன்னதாகக் கண் அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறது, வேலைக்குத் தேவையில்லாத எதையும் அநேகமாகப் பார்ப்பதில்லை.

18. வேக வாசிப்புப் பயிற்சியில நிமிஷத்துக்கு ஆயிரம் சொல்லுங்கறாங்களே?

ஆங்கில வாசிப்பில் ஒவ்வொரு நிறுத்தமும் 200 முதல் 250 மில்லிவிநாடி, ஒவ்வொரு தாவலும் 7 முதல் 9 எழுத்து, பத்தில் ஒன்றுக்கு மேல் பின்னோக்கித் தாவல். நிறுத்தத்தின்போது பயன்படும் தகவல் இடப்பக்கம் 3, 4 எழுத்தும் வலப்பக்கம் 14, 15 எழுத்தும்தான். வலமிருந்து இடம் படிக்கும் ஹீப்ருவில் இந்தச் சாய்வு தலைகீழாகிறது, ஆக அது கண்ணின் குணமல்ல, பழக்கத்தின் குணம். ஆங்கில எழுத்துக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே பெயர்க்கக்கூடாது. ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற நீண்ட சொல்லில் கண் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நிற்கும்.

பக்கத்தை ஒரே பார்வையில் விழுங்குவது கேள்வி 1-ஐப் படித்தவருக்கு நம்பத்தக்கதல்ல. ஆயிரம் சொல் என்பது மேய்ச்சல். தெரிந்த பொருளில் அது உதவும், புதிய பொருளில் புரிதல் குறையும்.

19. பொய் சொல்றவங்க கண் வலது பக்கம் மேல போகும்னு சொல்றாங்களே?

போகாது. 2012-இல் ரிச்சர்ட் வைஸ்மன் குழு சோதித்துப் பார்த்ததில் எந்தத் தொடர்பும் கிடைக்கவில்லை.

20. கண் பயிற்சி செஞ்சா கண்ணாடியைக் கழட்டிடலாமா?

கிட்டப்பார்வைக்குக் காரணம் விழி நீண்டிருப்பது. தசையை எத்தனை சுற்றுச் சுழற்றினாலும் நீளம் குறையாது. ஆனால் இரு கண்ணும் உள்நோக்கித் திரும்பச் சிரமப்படும் வெர்ஜன்ஸ் குறைபாடு வேறு விஷயம், அதற்குப் பயிற்சி உதவுகிறது. 2008-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 221 பிள்ளைகளுக்கு 12 வாரம் சிகிச்சை தந்தார்கள். மருத்துவமனையில் வாரந்தோறும் வந்து பயின்றவர்களில் 73 சதவீதம் தேறினார்கள். வீட்டில் பென்சிலை மூக்குக்கு அருகே கொண்டுவந்து பயின்றவர்களில் 43, போலிச் சிகிச்சையில் 35. பென்சில் பயிற்சி போலிச் சிகிச்சையைப் பெரிதாக விஞ்சவில்லை என்பதைக் கவனியுங்கள். இதனால் பள்ளி வாசிப்பு முன்னேறும் என்ற எதிர்பார்ப்பும் பின்னால் நடந்த ஆய்வில் நிறைவேறவில்லை.

21. தாவல் நடக்கும்போது திருத்த முடியாதுன்னா, தசை தளர்ந்தா, வயசானா கண் எப்படிக் குறி தவறாம இருக்கு?

தாவல் சில பத்து மில்லிவிநாடியில் முடிந்துவிடுவதால் (கேள்வி 4), பார்வையைக் கொண்டு நடுவில் திருத்த நேரம் கிடையாது. அதனால் அடுத்த தாவலில் திருத்துகிறது. 1967-இல் மெக்லாஃப்லின் செய்த உத்தி எளியது. கண் தாவிக்கொண்டிருக்கும்போது, யாருக்கும் தெரியாமல் இலக்கைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினார் (கேள்வி 5, 15-இன் அடக்கம் இங்கே வசதியாயிற்று). மீண்டும் மீண்டும் செய்தபோது, கண் தானாகவே குறைவாகத் தாவக் கற்றுக்கொண்டது, பங்கேற்றவருக்கு எதுவும் தெரியாது. தாவி இறங்கிய பின் மிஞ்சும் பிழையைச் சிறுமூளையின் வெர்மிஸ் பகுதி எடுத்து அடுத்த உதையின் அளவை மாற்றுகிறது. அந்தப் பகுதி கெட்டால் தாவல் வேகமாகவே இருக்கும், ஆனால் குறி தவறும். வேகம் குறைந்தால் மூளைத்தண்டு, குறி தவறினால் சிறுமூளை என்பது படுக்கையருகில் பயன்படும் நல்ல முதல் கணக்கு.

22. பக்கவாதம் வந்தவருக்குக் கண் ஒரே பக்கமா நிக்குது. எந்தப் பக்கம் மூளை பாதிச்சிருக்குனு அதை வச்சே சொல்ல முடியுமா?

பல சமயம் முடியும். ஒவ்வொரு முன்மடல் கண் பகுதியும் கண்ணை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது (கேள்வி 7). இடது முன்மடல் செயலிழந்தால் வலதின் தள்ளல் மட்டும் மிஞ்சி, கண்கள் இடப்பக்கம், அதாவது பாதித்த மூளையையே பார்க்கும். செயலிழந்திருப்பது வலது கைகால். வலிப்பு என்றால் தலைகீழ்: இடது முன்மடல் அளவுக்கு மீறிச் சுடுவதால் கண்கள் வலப்பக்கம் தள்ளப்படும். பாதிப்பு பான்ஸில் என்றால் மீண்டும் கணக்கு மாறும். இடது பான்ஸ் கண்களை இடப்பக்கம் கொண்டுபோவது, அது போனால் கண்கள் வலப்பக்கம், செயலிழந்த கைகாலைப் பார்த்தபடி நிற்கும். முன்மடல் பாதிப்பில் தலையைத் திருப்பினால் வி.ஓ.ஆர். கண்களை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகும், சில நாளில் தானாகவும் சீராகும். பான்ஸில் ஆறாவது நரம்பின் கருவே கெட்டிருந்தால் வி.ஓ.ஆராலும் தாண்டாது.

இன்னொரு வடிவம்: வலப்பக்கம் பார்க்கச் சொன்னால் வலது கண் போகிறது, துடிக்கிறது, ஆனால் இடது கண் உள்ளே வரவில்லை. பென்சிலை மூக்கருகே கொண்டுவந்தால் அதே இடது கண் சில சமயம் நன்றாகவே உள்ளே வருகிறது. அப்போது தசையும் மூன்றாவது நரம்பும் சரி, இரு பக்கக் கருக்களை இணைக்கும் எம்.எல்.எஃப். என்ற நரம்புக் கட்டுதான் அறுந்திருக்கிறது. இளவயதினரிடம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (நரம்புகளின் உறை சிதையும் நோய்), முதியவரிடம் சிறு பக்கவாதம் முதலில் நினைவுக்கு வரவேண்டும். திடீரென்று கண் ஒருபக்கம் ஒதுங்கினாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. பக்கவாதத்தில் இரத்த உறைகட்டியைக் கரைக்கும் ஊசி போட 4.5 மணி நேரம்தான் வழக்கமான வரம்பு, அந்த மணிக்கணக்கு அறிகுறி தொடங்கிய நேரத்திலிருந்து ஓடுகிறது. தொடங்கிய நேரத்தை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.